புரியாத பாட்டும் நம்ம ஜில்லாவும்

பாட்டு என்றால் அர்த்தம் புரிய வேண்டுமா, காதுக்குப் பிடித்தால் போதுமா? கேட்பதற்குச் சாதாரணக் கேள்விதான். ஆனால் இதை வைத்து நம் ஜில்லாவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஜில்லா என்று நான் சொல்வது இப்போதுள்ள மாவட்டத்தை அல்ல. 1910-ல் உருவாகி 1985-ல் மூன்றாகப் பிரிந்ததே, அந்தப் பழைய ராமநாதபுரம் ஜில்லாவை. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, விருதுநகர் எல்லாம் அதில் அடக்கம். மொழி புரியாத பாட்டைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களும் அந்த ஜில்லாக்காரர்கள்தான். "எங்களுக்குப் புரியாத பாட்டு எதற்கு?" என்று உரக்கக் கேட்டவர்களும் அந்த ஜில்லாக்காரர்கள்தான்.

நான் வாலிநோக்கத்துக்காரன். உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சங்கீதம் படித்தவன் அல்ல, காதால் கேட்டுப் பழகியவன். ஆனால் இந்தக் கரையில் பிறந்தவனுக்குப் புரியாத மொழிப் பாட்டு தொட்டிலில் இருந்தே பழக்கம். அந்தக் கதையைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் நம் கரையையே எடுத்துக்கொள்வோம். வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரை என்று எந்த ஊருக்குப் போனாலும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. ரபியுல் அவ்வல் மாதம் வந்துவிட்டால் மாலை நேரங்களில் மௌலூது ஓதுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். முழுக்க அரபி. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூசிரி இயற்றிய புர்தாவும் இந்தக் கரையில் ஓதப்படுவதுதான். ஓதுகிற எல்லோரும் அரபி கற்ற ஆலிம்கள் அல்லர். சிறுவயதில் ஓதப் பழகியவர்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், ஆனால் அர்த்தம் முழுதாகத் தெரியாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, பத்துப் பேர் சேர்ந்து வாங்கிப் பாடும்போது, எந்த மதத்துக்காரராக இருந்தாலும் தெருவில் போகிறவர் கால் கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் சதக்கத்துல்லா அப்பா அரபியிலேயே பாடல் எழுதிய பெரிய ஆலிம். 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அதே காலத்தில்தான் உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தமிழில் பாடினார். அவரை ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ஆக, அரபிப் பாட்டு ஒரு பக்கம், தமிழ்ப் பாட்டு ஒரு பக்கம். இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தன. ஒன்று மற்றதைப் பார்த்து "நீ எழுந்திரு" என்று சொல்லவில்லை.

தேவாலயங்களிலும் இதே கதைதான். சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூரில் யாகப்பர் கோயில் இருக்கிறது. அங்கே மட்டுமல்ல, கத்தோலிக்கக் கோயில்கள் எல்லாவற்றிலும் 1960-கள் வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. 1962 முதல் 1965 வரை ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழ் வந்தது. அதுவரை கடலுக்குப் போகிற மீனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் 'தாந்தும் எர்கோ' போன்ற லத்தீன் பாடல்களைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து பாடினார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒரு பாட்டி லத்தீன் பாட்டைத் தட்டாமல் பாடுவதை நானே கேட்டிருக்கிறேன். "அர்த்தம் என்ன பாட்டி?" என்று கேட்டால், "அது சாமியாருக்குத் தெரியும், சாமிக்குத் தெரியும். எனக்கெதுக்கு?" என்பார். ஆனால் அவர்களுக்கும் வீட்டில் பாடத் தமிழ்ப் பாட்டு இருந்தது. இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவரே தேம்பாவணியைத் தமிழில்தானே பாடினார்.

இனி அரண்மனைப் பக்கம் போவோம். சேதுபதிகளின் ராமநாதபுரம் சங்கீதத்துக்குப் பேர்போன இடம். அங்கே இருந்தவர் பூச்சி ஸ்ரீனிவாச அய்யங்கார். 1860-ல் பிறந்து 1919-ல் மறைந்தவர், பட்டணம் சுப்பிரமணிய அய்யரின் சீடர். ஊர்ப் பெயரோடு சேர்த்து ராமநாதபுரம் ஸ்ரீனிவாச அய்யங்கார் என்றே சொல்வார்கள். வர்ணம், கீர்த்தனை, தில்லானா என்று நிறைய இயற்றியிருக்கிறார். பெரும்பாலும் தெலுங்கில்.

நம் சீமையில் உட்கார்ந்துகொண்டு தெலுங்கில் ஏன் பாட வேண்டும் என்று இப்போது தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் மதுரையிலும் தஞ்சாவூரிலும் நாயக்கர் ஆட்சி வந்தது. அரண்மனைகளில் தெலுங்கு செல்வாக்குப் பெற்றது. பிறகு தஞ்சையில் மராட்டியர் வந்தார்கள். அவர்கள் பேசியது மராத்தி. ஆனாலும் சங்கீதத்துக்குத் தெலுங்கு என்ற பழக்கம் போகவில்லை. தியாகராஜர் (1767–1847) திருவையாற்றில் காவிரிக் கரையில் இருந்துகொண்டு, தம் தாய்மொழியான தெலுங்கில் பாடினார். அவருடைய சீடர் பரம்பரை தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆக, நூறு ஆண்டுக்குள் சங்கீதம் கற்றுக்கொள்வது என்றாலே தெலுங்குக் கீர்த்தனை கற்றுக்கொள்வது என்று ஆகிவிட்டது. கற்றுக்கொண்டவர்களில் பலருக்கும் அந்த மொழி தெரியாது.

ஆனால் அதே ராமநாதபுரத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். துணை நின்றவர் பாஸ்கர சேதுபதி. ஏட்டுச்சுவடிகளைத் தேடினார்கள், நூல்களை அச்சிட்டார்கள், புலவர்களை ஆதரித்தார்கள். தமிழுக்கு உயிரைக் கொடுத்த அந்த வட்டாரத்திலேயே தெலுங்குக் கீர்த்தனையும் மரியாதையோடு ஒலித்தது. அந்தக் காலத்தில் அதை யாரும் முரண்பாடாக நினைத்ததாகத் தெரியவில்லை.

எங்களைப் போன்ற கடற்கரை ஜனங்களுக்கு அரண்மனைக் கச்சேரி எட்டாத தூரம். எங்களுக்குத் தெலுங்குக் கீர்த்தனை வந்தது நாதஸ்வரம் வழியாக. உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனத்துக்குப் போனால் ராத்திரி முழுக்க மேளம் கேட்கலாம். நாதஸ்வரத்தில் ஏது சொல்? மொழியைக் கழற்றி வைத்துவிட்டு மெட்டு மட்டும் வரும். சம்சாரி, உப்பளத் தொழிலாளி, வளையல் விற்கிற அம்மா எல்லோரும் விடிய விடியக் கேட்டார்கள். தெலுங்கா தமிழா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

பிறகு சண்டை எப்படி வந்தது? பாரதியாரே தம் 'சங்கீத விஷயம்' கட்டுரையில், அர்த்தம் தெரியாமல் பழைய கீர்த்தனைகளையே திரும்பத் திரும்பப் பாடுவதைக் குறை சொல்லியிருக்கிறார். அது இயக்கமாக மாறியது 1940-களில். முன்னால் நின்றவர் நம் பழைய ஜில்லாக்காரர், கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1941-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. தொடர்ந்து தேவகோட்டை முதலிய ஊர்களிலும் நடந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. ரசிகமணி டி.கே.சி., கல்கி, ஆர்.கே. சண்முகம் செட்டியார் எல்லோரும் இந்தப் பக்கம். 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்து எதிர்ப்பைச் சம்பாதித்த ராஜாஜியும் இந்த விஷயத்தில் தமிழிசைப் பக்கம்தான் நின்றார்.

எதிர்த்தரப்பு சொன்னது இது. சங்கீதத்துக்கு மொழி கிடையாது, ராகமும் பாவமும்தான் முக்கியம், மொழியைக் காரணம் காட்டிச் சங்கீதத்தின் தரத்தைக் குறைத்துவிடக் கூடாது. சென்னை மியூசிக் அகாடமி இந்தக் கருத்தில் தீர்மானமே நிறைவேற்றியது. 1946-ல் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியது பெரிய சர்ச்சையாகி, பத்திரிகைகளில் பல நாள் அடிபட்டது.

இந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். "புரியாவிட்டாலும் ரசிக்க முடியும்" என்று எதிர்த்தரப்பு சொன்னது பொய்யில்லை. உத்தரகோசமங்கையில் விடிய விடிய உட்கார்ந்திருந்த ஜனங்களே அதற்குச் சாட்சி. ஆனால் தமிழிசைக்காரர்கள் கேட்டதும் அதுவல்ல. தெலுங்குப் பாட்டை நிறுத்து என்று அவர்கள் கேட்கவில்லை. மூன்று மணி நேரக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடா இடம்தானா, தமிழில் பாடினால் தரம் குறையும் என்று எப்படிச் சொல்லலாம் என்றுதான் கேட்டார்கள். விருந்தாளிக்குத் தலைவாழை இலை போடலாம், தப்பில்லை. வீட்டுக்காரனைத் திண்ணையில் உட்காரவைத்தால்தான் கோபம் வரும்.

முடிவில் என்ன ஆனது பாருங்கள். பூச்சி அய்யங்காரின் தலைமைச் சீடர், காரைக்குடிப் பக்கத்து அரியக்குடி ராமானுஜ அய்யங்கார். இன்றைய கச்சேரி முறையையே வகுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். தெலுங்குக் கீர்த்தனையில் ஊறிய அந்த மனிதர்தான் பின்னாளில் ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் ராகம் அமைத்துக் கொடுத்தார். மார்கழியில் இன்றைக்கும் அந்த மெட்டில்தான் பலர் பாடுகிறார்கள். தெலுங்கும் போகவில்லை, தமிழும் உள்ளே வந்துவிட்டது.

கச்சேரி மேடையை விட்டு இனி டீக்கடைக்கு வருவோம். 1950-களில் இருந்து எங்கள் கரைக்குப் பாட்டைக் கொண்டுவந்தது ரேடியோ. எந்த ரேடியோ? கொழும்பு ரேடியோ. திருச்சி நிலையம் 1939-ல் வந்துவிட்டது. ஆனாலும் பஞ்சாயத்து ரேடியோவில் திருச்சி கரகரவென்று கேட்கும், கொழும்பு கணீரென்று கேட்கும். இதற்கும் எங்கள் உப்புக்கும் சம்பந்தம் உண்டு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மீடியம் வேவ் அலை காய்ந்த நிலத்தின்மேல் போவதைவிடக் கடல்மேல் அதிக தூரம் பலம் குறையாமல் போகும். கொழும்புக்கும் எங்களுக்கும் நடுவில் பெரும்பகுதி கடல். மன்னார் வளைகுடாவே எங்களுக்கு ஏரியல் மாதிரி.

இலங்கை வானொலி அப்படிப் பலமாக இருந்ததற்கு யுத்தமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பு அருகே எக்கலையில் பெரிய சிற்றலை ஒலிபரப்பி வைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் அது இலங்கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமானது. இங்கே டில்லியில் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று நினைத்தார். 1952-ல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை வானொலி பினாக்கா கீத்மாலாவை ஆரம்பித்தது. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்து அனுப்ப, கொழும்பில் இருந்து புதன்கிழமை ராத்திரி இந்தியா முழுக்கக் கேட்டது. டில்லி 1957-ல் விவித் பாரதியை ஆரம்பித்ததற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

எங்கள் ஊரில் அமீன் சயானி பேசியது ஒருவருக்கும் புரியாது. ஆனால் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே முதல் இடத்துப் பாட்டு வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டில் எந்த இடத்தில் தமிழ்ச் சொல் மாதிரி ஒரு சத்தம் வருகிறதோ, அந்த இடத்தில் பையன்கள் சொந்தமாகத் தமிழைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். ரஃபியும் லதாவும் பாடியதில் பாதி இந்தி, மீதி வாலிநோக்கத் தமிழ்.

1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாடு முழுக்கப் பற்றி எரிந்தது. பல உயிர்கள் போயின. நான் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவன். பகலில் "இந்தி ஒழிக" என்று தொண்டை கட்டும் வரை கத்தினோம். சாயங்காலம் டீக்கடையில் இந்திப் பாட்டு வந்தால் தலையாட்டினோம். கடைக்கார அண்ணாச்சி ஒரு நாள் கேட்டார்: "ஏலே, பகல்ல ஒழிகங்கிறீக, ராத்திரியில தாளம் போடுறீக. என்ன கணக்கு இது?" எங்களில் ஒருவன் சொன்னான்: "அண்ணாச்சி, இது பரீட்சையில வராதுல்ல!"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அந்தப் பையன் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று தோன்றுகிறது. பாட்டாக வந்தபோது இந்தி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிடித்தால் கேள், இல்லாவிட்டால் முள்ளைத் திருப்பு. சட்டமாக வந்தபோது எங்கள் வேலையையும் படிப்பையும் கேட்டது. தமிழிசைச் சண்டையிலும் அடியில் இருந்தது இதே கணக்குதான். நாமாகப் போய்க் கேட்டால் இனிக்கிற பாட்டு, தலையில் ஏற்றினால் கசக்கும்.

1969-ல் வந்த 'ஆராதனா' சென்னையில் வாரக்கணக்காக ஓடியதும், பிறகு 'பாபி'யின் பாட்டுகள் கல்யாண வீட்டு ரிக்கார்டில் அலறியதும் உங்களுக்கு நினைவிருக்கும். போராட்டத்தில் கல்லூரியை விட்டு வெளியே வந்த அதே தலைமுறைதான் தியேட்டரில் கூட்டமாக உட்கார்ந்தது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு அந்த அலை தானாகவே அடங்கியது. யாரும் தடை போடவில்லை. சொந்த வீட்டில் நல்ல சமையல் ஆனதும் பக்கத்து வீட்டு வாசனை அவ்வளவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தி வடக்கே இருந்து வந்தது. கடலுக்கு அந்தப்பக்கத்தில் இருந்து வந்தது சிங்களப் பாட்டு. இலங்கை வானொலியின் முள்ளைக் கொஞ்சம் திருப்பினால் பைலா கேட்கும். பைலா என்பது போர்ச்சுகீசியச் சொல்லில் இருந்து வந்தது, ஆட்டம் என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்க மக்களும் சேர்ந்து ஆடிப் பாடிய பாட்டு வகை இது. வாலி பஸ்தியான் என்ற போலீஸ்காரர் 1940-களில் அதற்குச் சிங்களச் சொல் போட்டுப் பாடிப் பிரபலமாக்கினார். அப்படியானால், சிங்களவர்களும் அந்த மெட்டை முதலில் புரியாத மொழியில்தானே கேட்டிருப்பார்கள்?

1970-களில் 'சுராங்கனி' பாட்டு இக்கரைக்கு வந்தது. பாடியவர் ஏ.ஈ. மனோகரன். சிலோன் மனோகர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் தமிழர். சிங்களத்திலும் தமிழிலும் பைலா பாடினார். தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு பாடப்படாத கல்லூரி விழா கிடையாது, கல்யாண பஸ் கிடையாது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் தமிழ்ப் படுத்தி, மலேசியா வாசுதேவனைப் பாட வைத்தார்.

உப்பளத்தில் வேலை முடிந்து லாரியில் திரும்பும்போது பையன்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு அதைச் சிங்களத்திலேயே பாடுவார்கள். ஒரு நாள் லாரியில் கூட வந்த பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "என்ன பாடுறீங்கன்னு தெரியுமாடா?" அவர் வாலிபத்தில் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்தவர். நம் ஜில்லாவில் அப்படிக் கொழும்புக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். "மாலுன்னா மீன்டா. மீனு கொண்டாந்திருக்கேன்னு சுராங்கனிங்கிற பொண்ணைக் கூப்பிடுறான். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மீன்! எங்கள் வீட்டு வாசலில் தினமும் கேட்கிற கூப்பாடு. அதையா இத்தனை நாள் என்னவோ பெரிய காதல் ரகசியம் என்று பாடிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரே சிரிப்பு. ஆனால் அர்த்தம் தெரிந்ததால் பாட்டு கெட்டுப்போகவில்லை. இன்னும் நெருக்கமாகிவிட்டது. கடலுக்கு அந்தப்பக்கமும் நம்மைப் போலத்தான் ஒருவன் கூடையோடு நிற்கிறான் என்று ஆனது.

பிறகு 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர்கள் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். படகுகள் ராமேஸ்வரம் கரைக்கு வர ஆரம்பித்தன. மண்டபத்தில், முன்பு தோட்டத் தொழிலாளர்களைச் சோதித்து இலங்கைக்கு அனுப்ப வெள்ளைக்காரன் வைத்திருந்த முகாம், இப்போது அங்கிருந்து ஓடிவந்தவர்களுக்கு இடமானது. எங்கள் பக்கத்து ஊர்களில் அரிசியும் துணியும் சேர்த்து லாரியில் அனுப்பினோம். கூடவே நானும் போனேன்.

முகாமுக்கு எதிரே ஒரு டீக்கடை. வழக்கம்போல் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பாட்டு முடிந்து, கடைக்காரர் முள்ளைத் திருப்பும்போது ஒரு சிங்களப் பாட்டில் போய் நின்றது. மெதுவான, இனிமையான பாட்டு. நாங்கள் டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்க வந்திருந்த ஒரு பெண் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணை, அதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் உடனே நிறுத்திவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எங்களுக்கு அது வெறும் மெட்டு. அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. அந்த மொழியில் கடைசியாக அவர் காதில் விழுந்தது என்ன சொற்களோ. புரியாமல் கேட்பது ஒரு சுகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு சௌகரியமும்கூட என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த மொழியால் அடிபடாதவனுக்குக் கிடைக்கிற சௌகரியம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். சில மாதங்கள் கழித்து அதே முகாமுக்குப் போனபோது, சாயங்காலத்தில் பையன்கள் கவிழ்த்த வாளியில் தாளம் போட்டுப் பைலா பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சிங்களம். பெரியவர்கள் கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அது அவர்கள் ஊர்ப் பாட்டு. விட்டுவிட்டு வந்த ஊரில் இருந்து கையில் எடுத்து வர முடிந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. ரேடியோவில் வந்தபோது வேண்டாம் என்றதும், தங்கள் பிள்ளைகள் பாடியபோது கேட்டதும் எனக்கு முரண்பாடாகத் தெரியவில்லை. எப்போது கேட்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

2021-ல் 'மெனிகே மகே ஹிதே' என்ற சிங்களப் பாட்டு இந்தியா முழுக்கப் பரவியதே, ஞாபகம் இருக்கிறதா? யொஹானி என்ற இளம்பெண் பாடியது. என் பேத்தியின் போனிலும் காலை முதல் ராத்திரி வரை அதுதான். பாடியவரின் தந்தை இலங்கை ராணுவத்தில் உயர்பதவியில் இருந்தவர், 2009-ல் முடிந்த போரில் படை நடத்தியவர் என்ற செய்தி வந்ததும் தமிழர்கள் நடுவே பெரிய விவாதம் நடந்தது. பாட்டைக் கேட்கலாமா கூடாதா என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். பேத்தி என்னிடம் வந்து, "தாத்தா, அந்தப் பொண்ணு என்ன தப்பு செஞ்சா?" என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஒரு தப்பும் செய்யல. நீ கேக்குறதும் தப்பில்ல" என்றுதான் சொன்னேன். பிறகு சுராங்கனி கதையைச் சொன்னேன், மண்டபம் டீக்கடைக் கதையையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்போ காதுல மாட்டிக் கேட்டுக்கிறேன் தாத்தா" என்றாள். எனக்கு அது சரியான தீர்ப்பாகப் பட்டது.

இப்போது அவள் கேட்பது கொரியப் பாட்டு. ஒரு சொல் புரியாது, ஆனால் கூடவே பாடுகிறாள். இது என்ன கூத்து என்று அவள் அப்பா அலுத்துக்கொள்கிறான். அரபியும் லத்தீனும் தெலுங்கும் இந்தியும் சிங்களமும் கேட்டு வளர்ந்த கரை இது, கொரிய மொழி வந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் சமாதானம் சொல்கிறேன். அவளுக்குத் திருப்பாவையும் தெரியும், இளையராஜாவும் தெரியும். வீட்டுப் பாட்டு வீட்டில் இருக்கும்வரை விருந்தாளிப் பாட்டு எத்தனை வந்தாலும் பயமில்லை. ஆனால் அந்தப் பாட்டின் மொழி புரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், ரசிக்கிற ரசிப்போடு அவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் ஊரில் எந்தப் பாட்டு அர்த்தம் புரியாமலே நாக்கில் தங்கியது? அடுத்த முறை நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள். முடிந்தால் பாடியும் காட்டுங்கள்.